ரெட்டை எலை முளைச்ச ஊரு: திண்டுக்கல் 1973

திண்டுக்கல்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு மூணு விஷயம் ஞாபகம் வரும். பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. கொஞ்சம் வயசானவங்களா இருந்தா நாலாவதா ஒண்ணு சொல்வாங்க. "அந்த இடைத்தேர்தல்!" அம்பது வருஷம் தாண்டியும் ஒரு ஊர்ப் பேரோட ஒரு இடைத்தேர்தல் ஒட்டிக்கிட்டு இருக்குன்னா அது லேசுப்பட்ட விஷயமில்ல. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல எத்தனையோ இடைத்தேர்தல் வந்துபோச்சு. எதுக்கும் இந்த மவுசு கெடைக்கல.

இந்தக் கதைய முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க பெரியப்பா அந்தத் தேர்தல்ல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல வாக்குச்சாவடி அலுவலரா இருந்தவர். வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து அப்பத்தான் கொஞ்ச வருஷம். அவர் சொன்ன கதைகளக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால கொசுவத்தி கொஞ்சம் சுத்தும், பொறுத்துக்கோங்க. அரசியல் சண்டை போடறதுக்கான பதிவு இல்ல இது. உடன்பிறப்புகளும் ரத்தத்தின் ரத்தங்களும் நிதானமா படிக்கவும்.

மொதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. இடைத்தேர்தல் எதுக்கு?

ஒரு உறுப்பினர் இறந்துட்டாலோ, ராஜினாமா பண்ணிட்டாலோ, பதவி பறிபோனாலோ அந்த இடம் காலி. அதை நிரப்பணும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951ல 149ஆம் பிரிவு மக்களவைக் காலியிடத்துக்கு, 150ஆம் பிரிவு சட்டசபைக் காலியிடத்துக்கு. இன்னைக்கு ஆறு மாசத்துக்குள்ள நடத்தியாகணும்னு விதி இருக்கு. ஆனா அது 1996ல தான் 151ஏ-ன்னு புதுசா சேர்த்தாங்க. அதுலயும் ரெண்டு விலக்கு. மிச்சப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் கீழ இருந்தா வேண்டாம். இல்ல, நடத்த முடியாத நிலைமைன்னு தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்று கொடுத்தாலும் வேண்டாம். 1973ல அந்த ஆறு மாசக் கெடு எல்லாம் கெடையாது.

ஜெயிச்சு வர்றவருக்கும் முழுசா அஞ்சு வருஷம் கெடைக்காது. போனவர் விட்டுட்டுப் போன மிச்சம் மட்டும்தான். பாதி ஓடின படத்துக்கு டிக்கெட் எடுத்த மாதிரி.

உள்ளாட்சி கதை தனி. பஞ்சாயத்து வார்டு காலியானா அதை நடத்துறது டில்லியில இருக்கிற ஆணையம் இல்ல, தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். அவங்க கணக்குல அதுக்குப் பேரு "தற்செயல் தேர்தல்". எனக்கு ரொம்பப் புடிச்ச பேரு இது. நம்ம ஊரகப் பொதுத் தேர்தல்ல ஒரு ஆளுக்கு நாலு ஓட்டுச் சீட்டு குடுப்பாங்க. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். தற்செயல் தேர்தல்ல எந்த இடம் காலியோ அந்தக் கலர் மட்டும் கையில வரும். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ரெண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. நூறு இருநூறு ஓட்டுல முடிவாகுற சண்டை. அதுலயும் ராத்திரி பூரா தூங்காம இருப்பாங்க, அது வேற விஷயம்.

நிற்க. திண்டுக்கல்லுக்கு வருவோம்.

*

1971 தேர்தல்ல தி.மு.க. அடிச்ச அடி எல்லாருக்கும் தெரியும். சட்டசபையில 234க்கு 184. மக்களவையில 23. இந்திரா காங்கிரசோட கூட்டணி. எதிர்ல காமராஜரோட ஸ்தாபன காங்கிரஸ். அந்த அலையில திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில ஜெயிச்சவர் தி.மு.க.வின் ராஜாங்கம். அவர் காலமானதால தொகுதி காலியாச்சு.

நடுவுல தமிழ்நாடே தலைகீழா மாறியிருந்துச்சு. 1972 அக்டோபர்ல கட்சிக் கணக்குக் கேட்டார்னு எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17ஆம் தேதி அண்ணா தி.மு.க. பிறந்துச்சு. (பேருக்கு முன்னாடி அனைத்திந்திய சேர்ந்தது 1976ல.) ஊர் ஊருக்கு ரசிகர் மன்றங்கள் ராத்திரியோட ராத்திரியா கட்சிக் கிளைகளா மாறுச்சு. கூட்டம் கூடுது, சரி. கைதட்டுறாங்க, சரி. ஆனா ஓட்டுப் போடுவாங்களா?

அன்னைக்கு யாருக்கும் பதில் தெரியாத கேள்வி இதுதான். "சினிமா பாக்க வர்ற கூட்டம் வேற, ஓட்டுப் போடற கூட்டம் வேற"ன்னு டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. சட்டசபைப் பொதுத் தேர்தலுக்கு இன்னும் வருஷக்கணக்கா இருக்கு. அதுவரைக்கும் இந்தக் கேள்வி அந்தரத்துல தொங்கிட்டே இருந்திருக்கும். திண்டுக்கல் காலியானதால ஏழே மாசத்துல பரீட்சை வந்துருச்சு.

இடைத்தேர்தல ஏணியா புடிச்சு ஏறுற வித்தையை தி.மு.க.வுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. 1963ல காங்கிரஸ் ஆட்சியில திருவண்ணாமலை சட்டசபை இடைத்தேர்தல்ல ஜெயிச்சுக் காட்டின கட்சி அது. நாலு வருஷம் கழிச்சு ஆட்சியையே புடிச்சாங்க. பத்து வருஷத்துல அதே ஏணி எதிர்ப்பக்கமா சாஞ்சு நின்னுச்சு. அதுதான் காலத்தோட குசும்பு.

*

இப்ப ஒரு தேர்தல் எப்படி நடக்குதுன்னு பாத்துரலாம். ஆணையம் அறிவிக்கை போட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஏழாவது நாள் வேட்புமனு கடைசி. மறுநாள் பரிசீலனை. அதுக்கு ரெண்டாவது நாள் வாபஸ் வாங்கக் கடைசி. அதுக்கப்புறம் இத்தனை நாள் கழிச்சுத்தான் ஓட்டுப்பதிவு வைக்கலாம்னு கணக்கு. அப்ப அது 20 நாள். 1996ல 14 நாளா குறைச்சுட்டாங்க. பிரச்சாரக் காலம் சுருங்கினது அப்படித்தான்.

மக்களவைக்கு நிக்கிறவர் கட்ட வேண்டிய டெபாசிட் அன்னைக்கு 500 ரூபாய். 1996ல 10,000. 2009 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 25,000. தாழ்த்தப்பட்டவங்க, பழங்குடியினருக்குப் பாதி. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலைன்னா டெபாசிட் காலி. இந்த ஆறுல ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்ப திண்டுக்கல் தனி மாவட்டமும் இல்ல. மதுரை மாவட்டத்துல ஒரு பகுதி. 1985 செப்டம்பர் 15 அன்னைக்குத்தான் தனியா பிரிஞ்சுது. அதனால 73ல எல்லாத்துக்கும் மதுரையத்தான் பாத்தாகணும்.

நாலு முக்கிய வேட்பாளர்கள். தி.மு.க.வுக்குப் பொன்.முத்துராமலிங்கம். ஸ்தாபன காங்கிரசுக்கு என்.எஸ்.வி.சித்தன். இந்திரா காங்கிரசுக்கு சீமைச்சாமி. அண்ணா தி.மு.க.வுக்கு வக்கீல் கே.மாயத்தேவர். கவனிச்சீங்களா, 71ல கூட்டாளியா இருந்த தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் இதுல தனித்தனி.

மூணு கட்சிக்கும் தெரிஞ்ச சின்னம் இருக்கு. அண்ணா தி.மு.க.வுக்கு மட்டும் சின்னமே கிடையாது. 1968 சின்னங்கள் உத்தரவுப்படி, அங்கீகாரம் பெற்ற கட்சிக்குத்தான் ஒதுக்கப்பட்ட சின்னம். ஏழு மாசக் குழந்தைக்கு அங்கீகாரம் எங்கிருந்து வரும்? சுயேச்சைகளுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல இருந்து ஒண்ணை எடுத்துக்கணும். பதினாறு சின்னத்தைக் காட்டினாங்க, அதுல இரட்டை இலையை நான்தான் தேர்ந்தெடுத்தேன்னு மாயத்தேவர் பிற்காலத்துல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். சுவத்துல வரைய சுலபம், ரெண்டு விரலைக் காட்டினாலே இலை மாதிரி தெரியும், சர்ச்சில் காட்டின வெற்றிச் சின்னம் மாதிரியும் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் கணக்கு எவ்வளவு சரின்னு யோசிச்சுப் பாருங்க. படிக்கத் தெரியாத சனம் பாதிக்கு மேல இருந்த காலம். சின்னம் பதிஞ்சாத்தான் ஓட்டு. சைக்கிள வரையணும்னா ஓவியர் வேணும். ரெண்டு எலைய அடுப்புக் கரியும் சுண்ணாம்பும் இருந்தா யார் வேணா வரையலாம். எங்க பெரியம்மா சொல்லும், "அந்த மாசம் பூரா வாசல்ல கோலமே எலையாத்தாண்டா கெடந்துச்சு, எவ போட்டான்னே தெரியாது"ன்னு.

*

மே மாசம். திண்டுக்கல் வெயிலப் பத்தி சொல்ல வேண்டியதில்ல. தோல் ஷாப்பு வாடையும் அனல்காத்தும் சேர்ந்து ஊரே கொதிக்கும். அந்தக் கொதிப்புல தேர்தல்.

இன்னைக்கு மாதிரி கட்டுப்பாடு கெடையாது. நடத்தை விதிகள்னு ஒண்ணு 1960ல கேரளாவுல மொளைச்சிருந்தாலும், ஆளுங்கட்சி என்ன செய்யக்கூடாதுன்னு தனிப் பகுதி சேர்த்தது 1979ல தான். 73ல மந்திரிங்க அரசு வண்டியில வந்தாங்க, தேர்தல் வேலையும் பாத்தாங்க. ஆளுங்கட்சிக்கு அது பெரிய பலம். ஆணையம்னா மூணு பேரும் இல்ல, டில்லியில ஒத்தை ஆளு. அந்த வருஷம் பிப்ரவரியிலதான் டி.சுவாமிநாதன் தலைமைத் தேர்தல் ஆணையரா பொறுப்பேத்திருந்தார்.

இன்னொண்ணு. அப்ப ஓட்டுப் போடற வயசு 21. பதினெட்டாக் குறைச்சது 1989ல தான் நடைமுறைக்கு வந்துச்சு. கொடி கட்டி, சுவரெழுதி, தொண்டை கிழியக் கத்தின ரசிகர் மன்றத்துப் பசங்கள்ல பல பேருக்கு ஓட்டே கெடையாது! அவங்க ஓட்டுப் போட முடியாது, ஆனா வீட்டுல ஆத்தா, அத்தை, பாட்டி எல்லாத்தையும் கெளப்பிவிட முடியும். கெளப்பினாங்க.

நடுவுல சினிமாவும் வந்துச்சு. ஓட்டுப்பதிவு மே 20. அதுக்கு ஒம்போது நாள் முன்னாடி, மே 11ல "உலகம் சுற்றும் வாலிபன்" ரிலீஸ். ஜப்பான்ல எக்ஸ்போ 70 நடந்தப்ப எடுத்த படம். இந்தப் படம் வந்தா சேலை கட்டிக்கிறேன்னு மதுரையில ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருத்தர் சவால் விட்டதா ஒரு கதை இன்னைக்கும் உலவுது. படம் வந்துச்சு. ஓடுச்சு. தேர்தல் மேடையா, தியேட்டரான்னு வித்தியாசம் தெரியாத அளவுக்கு ரெண்டும் கலந்துபோச்சுன்னு பெரியப்பா சொல்வார்.

பெரியப்பா கட்சி எதுன்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. கேட்டா, "பெட்டிக்குள்ள போட்டத வெளிய சொன்னா அப்புறம் எதுக்குடா பெட்டி?"ம்பார்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் சாமான் வாங்கக் கூட்டிட்டுப் போனாங்களாம். இரும்புப் பெட்டி, ஓட்டுச்சீட்டுக் கட்டு, வாக்காளர் பட்டியல், அம்புக்குறி போட்ட ரப்பர் முத்திரை, மை புட்டி, அரக்கு, நூல், மெழுகுவத்தி, காகித முத்திரை. மை மைசூர்ல இருந்து வரும். 1962லேருந்து மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ்தான் செய்யுது. லாரியில ஏறி, பள்ளிக்கூடத்துல இறங்கி, ராத்திரி பெஞ்சு மேல படுத்து, காலையில ஏஜெண்டுங்க முன்னாடி வெறும் பெட்டியத் தொறந்து காட்டி, கவுத்துக் காட்டி, முத்திரை வச்சு மூடணும். போட்டோ அடையாள அட்டையெல்லாம் கெடையாது, அது 93ல வந்தது. ஆளைத் தெரிஞ்சவன் உள்ளூர்க்காரன் மட்டும்தான். அதனாலதான் ஏஜெண்டு உள்ளூர்க்காரனா இருக்கணும்னு கட்சிகள் அடிச்சுக்கும். "இது இன்னார் இல்ல"ன்னு ஏஜெண்டு ஆட்சேபிக்கணும்னா ரெண்டு ரூபாய் கட்டணும். விசாரிச்சுப் பாத்து ஆட்சேபம் சரின்னா திருப்பித் தருவாங்க. வேணும்னே வம்பு பண்ணினா ரெண்டு ரூபாய் அரசாங்கத்துக்கு. இந்த ரெண்டு ரூபாய் 1961 விதிகள்ல இருக்கு, இன்னைக்கும் அதே ரெண்டு ரூபாய்தான். விலைவாசி ஏறாத ஒரே எடம்!

பெரியப்பா அடிக்கடி சொல்ற சம்பவம் ஒண்ணு. மத்தியானம் உச்சி வெயில்ல ஒரு கெழவி, கையில கம்பு ஊனி வந்துச்சாம். வெரல்ல மை வச்சு, சீட்டைக் குடுத்ததும், நடுச்சாவடியில நின்னு சத்தமா, "ஏய்யா வாத்தியாரு, எம்.ஜி.ஆரு எலை இதுல எங்கய்யா இருக்கு?"

எல்லா ஏஜெண்டும் பெரியப்பாவையே பாக்குறாங்க. வெரல நீட்டிக் காட்டினா சட்டவிரோதம். "ஆத்தா, அதெல்லாம் நான் சொல்லக்கூடாது. எல்லாம் அந்தத் தாளுலயே இருக்கு. மறைப்புக்குள்ள போயி பாத்துக் குத்துங்க"ன்னு அனுப்பியிருக்கார். உள்ள போன கெழவி ரொம்ப நேரம் வெளிய வரலையாம். வரிசையில முணுமுணுப்பு. கடைசியா வெளிய வந்து, சீட்டை மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு, பெரியப்பாவப் பாத்து, "நீ சொல்லாட்டி என்ன, நானே கண்டுபுடிச்சிட்டேன்"னு சொல்லிட்டுப் போச்சாம்.

அந்தக் கெழவிக்கு யாரும் பைசா குடுக்கல, சேலை குடுக்கல, வண்டி கூட வைக்கலன்னு பெரியப்பா அழுத்திச் சொல்வார். நடந்தே வந்துச்சு, நடந்தே போச்சு.

*

ரிசல்ட்.

கே.மாயத்தேவர் (அண்ணா தி.மு.க.): 2,60,824
என்.எஸ்.வி.சித்தன் (ஸ்தாபன காங்கிரஸ்): 1,19,032
பொன்.முத்துராமலிங்கம் (தி.மு.க.): 93,496
சீமைச்சாமி (இந்திரா காங்கிரஸ்): 11,423

வித்தியாசம் 1,41,792. ரெண்டு வருஷம் முன்னாடி ஊரையே சுருட்டின ஆளுங்கட்சி மூணாவது எடம். டில்லியில ஆண்ட கட்சி நாலாவது.

இங்க ஒரு தப்பான சேதியத் திருத்திரலாம். "திண்டுக்கல்ல தி.மு.க. டெபாசிட்டே போச்சு"ன்னு மேடையில பேசக் கேட்டிருப்பீங்க. ஆறுல ஒண்ணு கணக்கப் போடுங்க. மேல இருக்கிற நாலு பேர் ஓட்டக் கூட்டினா 4,84,775. அதுல ஆறுல ஒரு பங்கு எண்பதாயிரத்துச் சொச்சம். தி.மு.க. வாங்கினது 93,496. சில்லறை ஓட்டெல்லாம் சேத்தாலும் டெபாசிட் தப்பிச்சுது. டெபாசிட் போனது இந்திரா காங்கிரசுக்கு. தோல்வி படுதோல்விதான், ஆனா இல்லாததச் சொல்லக் கூடாதில்லையா.

இன்னொண்ணையும் கவனிங்க. இந்தத் தேர்தலால மெட்ராஸ்ல ஆட்சி மாறல. கலைஞர்தான் முதல்வர், அவர் மெஜாரிட்டி அப்படியே இருந்துச்சு. டில்லியிலயும் ஒண்ணும் மாறல. ஐநூத்திச் சொச்சம் எம்.பி.க்கள்ல ஒருத்தர் மாறினார், அவ்வளவுதான். ஆனாலும் எல்லாம் மாறிப்போச்சு. "சினிமாக் கூட்டம் ஓட்டுப் போடுமா"ன்ற கேள்விக்குப் பதில் கெடைச்சிருச்சு. 1974ல கோவை மேற்கு சட்டசபை இடைத்தேர்தல்லயும் அண்ணா தி.மு.க. ஜெயிச்சுது. 1977 ஜூன்ல எம்.ஜி.ஆர். முதலமைச்சர்.

அதுதான் நான் சொல்ல வந்தது. இடைத்தேர்தல்ல ஓட்டுப் போடறவனுக்கு ஒரு தனிச் சுதந்திரம் இருக்கு. பொதுத் தேர்தல்ல "இவன் வந்தா ஆட்சி என்னாகும், அவன் வந்தா என்னாகும்"னு ஆயிரம் கணக்கு. இடைத்தேர்தல்ல அந்தப் பயம் இல்ல. ஆட்சி கவிழாது. அதனால மனசுல இருக்கிறத அப்படியே சொல்லிப் பாக்கலாம். புதுசா ஒண்ண சோதிச்சுப் பாக்கலாம்.

உலகத்துலயே அப்படித்தான். பிரிட்டன்ல ரகசிய ஓட்டு சட்டம் வந்ததும் அத மொதமொதலா சோதிச்சுப் பாத்தது ஒரு இடைத்தேர்தல்ல. 1872 ஆகஸ்ட் 15 (ஆமா, அதே தேதி!), பான்டிஃப்ராக்ட்னு ஒரு சின்ன ஊரு. அதுக்கு முன்னாடி எல்லாரும் மேடையேறி பகிரங்கமா சத்தம் போட்டுத்தான் ஓட்டு. பண்ணையார் முன்னாடி யார் எதுத்து ஓட்டுப் போடுவான்? அந்த ஊரு அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. ஓட்டுப்பெட்டி அரக்குல மிட்டாய்க் கம்பெனி முத்திரையத்தான் குத்தி மூடினாங்க. பூட்டு ஊர்க்காரனுக்கு இது படிக்கப் படிக்க சந்தோஷமா இருந்துச்சு. நம்ம நாட்டுலயும், ஓட்டு மெஷின்ல நாம யாருக்குக் குத்தினோம்னு சீட்டுல காட்டுதே, அது மொதல்ல வந்தது 2013 செப்டம்பர்ல, நாகாலாந்து நோக்சென் இடைத்தேர்தல்ல.

*

அப்புறம் அந்தச் சுதந்திரத்துக்கு என்னாச்சு?

2009 ஜனவரியில திருமங்கலம். எங்க ஊருலேருந்து ரொம்பத் தூரம் இல்ல. "திருமங்கலம் ஃபார்முலா"ன்னு அகராதியில ஒரு வார்த்தையே சேர்ந்துபோச்சு. அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. அப்ப ஆண்டது தி.மு.க. 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர்ல பண விநியோகத்தால தேர்தலையே நிறுத்தி, அப்புறமா நடத்தினாங்க. 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் பணத்தால ரத்து. அப்ப ஆண்டது அ.தி.மு.க. எந்தக் கட்சியும் எந்தக் கட்சியப் பாத்தும் விரல் நீட்ட முடியாத விஷயம் இது.

ஆர்.கே.நகர்ல இன்னொரு வேடிக்கையும் நடந்துச்சு. கட்சி ரெண்டாப் பிளந்து, 2017 மார்ச்சுல இரட்டை இலையையே முடக்கிட்டாங்க. ஒரு அணிக்குத் தொப்பி, இன்னொரு அணிக்கு மின்கம்பம். நவம்பர்ல இலை திரும்பக் கெடைச்சு, டிசம்பர்ல மறுபடி தேர்தல் நடந்தா, குக்கர் சின்னத்துல நின்ன சுயேச்சை டி.டி.வி.தினகரன் ஜெயிச்சுட்டார். சுயேச்சைப் பட்டியல்லேருந்து எடுத்த எலை, இன்னொரு சுயேச்சைச் சின்னத்துக்கிட்ட தோத்துச்சு.

"ஆட்சி கவிழாது"ன்னு மேல சொன்னேன். அதுக்கும் ஒரு விதிவிலக்கு 2019ல. தகுதிநீக்கத்தால பதினெட்டு எம்.எல்.ஏ.க்கள் எடம் காலி, இன்னும் நாலு சேர்ந்து மொத்தம் இருபத்திரெண்டு தொகுதிக்கு இடைத்தேர்தல். ஆட்சியே அந்த முடிவுல தொங்குச்சு. எங்க மாவட்டத்து நிலக்கோட்டையும் அதுல ஒண்ணு. தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. ஒம்போது போதுமானதா இருந்துச்சு, ஆட்சி நின்னுச்சு.

இதெல்லாத்துக்கும் மேல எனக்கு மனசு கனத்தது ஒண்ணு. 2024 விக்கிரவாண்டி, 2025 ஈரோடு கிழக்கு. ரெண்டையும் அ.தி.மு.க. புறக்கணிச்சுது. ஆளுங்கட்சி நேர்மையா நடத்த விடாதுன்னு காரணம் சொன்னாங்க. காரணம் சரியா தப்பான்ற வாதத்துக்கு நான் வரல. இடைத்தேர்தல்லயே பொறந்த ஒரு கட்சி, இடைத்தேர்தலே வேண்டாம்னு ஒதுங்குற நெலம வந்திருச்சேன்னுதான் யோசனை. 73ல ஆளுங்கட்சிக்கு இருந்த பலம் கொஞ்சமா? நடத்தை விதி இல்ல, கேமரா இல்ல, பறக்கும் படை இல்ல. ஆனாலும் கம்பு ஊனி வந்த கெழவி முடிவு பண்ணினத யாராலயும் மாத்த முடியல.

சில வருஷம் முன்னாடி நான் குடியிருந்த ஊர்ல ஒரு இடைத்தேர்தல். ஊரு, கட்சி வேண்டாம். ஒரு ராத்திரி கதவிடுக்குல ஒரு கவர் கெடந்துச்சு. வீட்டுல எத்தனை ஓட்டுன்னு மேல பென்சில்ல எழுதியிருந்துச்சு. கணக்குச் சரியா இருந்துச்சு! காலையில எதிர்வீட்டு அக்கா, "உங்களுக்கு வந்துருச்சா தம்பி? எங்களுக்கு ஒண்ணு கொறையுது"ன்னு சாதாரணமா கேட்டாங்க, பால் பாக்கெட் கொறைஞ்ச மாதிரி. அத எடுத்துட்டு வந்தவங்க யாருன்னே தெரியல, திருப்பிக் குடுக்கவும் வழியில்ல. ரெண்டு நாள் டி.வி. மேலயே கெடந்துச்சு. அப்புறம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து சத்துணவு ஆயா கையில குடுத்துட்டேன். நான் செஞ்சது சரியான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. புகார் குடுத்திருக்கணும். குடுக்கல. பயம்னு சொல்றதவிட சோம்பேறித்தனம்னு சொல்றதுதான் உண்மை.

ஊருக்குப் போனப்ப பெரியப்பாக்கிட்ட சொன்னேன். அப்ப அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கவர்ல எந்தச் சின்னம்னு எழுதியிருந்துச்சா?"ன்னார்.

"ஆமா பெரியப்பா, ஒரு நோட்டீசும் உள்ள இருந்துச்சு."

"அந்தக் கெழவி எங்கிட்ட கேட்டப்ப நான் சொல்லலையேன்னு ரொம்ப நாள் மனசு உறுத்தும்டா. பாவம், வெயில்ல வந்த மனுஷி, வெரல நீட்டிக் காட்டியிருந்தா என்னன்னு தோணும். இப்ப தோணல"ன்னார்.

மாயத்தேவர் கதைய முடிச்சிர்றேன். நெருக்கடி நிலையால அந்த மக்களவையோட ஆயுள் நீண்டு, 1977 ஜனவரி வரைக்கும் எம்.பி. 77லயும் அதே தொகுதியில இலையில ஜெயிச்சார். 1980ல அதே திண்டுக்கல்ல ஜெயிச்சது உதயசூரியன்ல! இலையத் தேர்ந்தெடுத்தவரே சூரியனுக்குப் போனார். 2022 ஆகஸ்ட்ல காலமானார். அன்னைக்குத் தோத்த சித்தனும் சும்மா இல்ல. 1996, 2004, 2009னு மூணு தடவ இதே தொகுதியில ஜெயிச்சு டில்லி போனார். திண்டுக்கல்காரன் யாரையும் நிரந்தரமா தூக்கவும் மாட்டான், நிரந்தரமா கவுக்கவும் மாட்டான்.

அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கு. ஓடு மாத்தி கான்கிரீட் போட்டிருக்காங்க. போன தடவ ஊருக்குப் போனப்ப வண்டிய நிறுத்திப் பாத்துட்டு வந்தேன். சுவத்துல வாக்குச்சாவடி எண் எழுதியிருந்துச்சு. இப்பவும் அங்கதான் ஓட்டு.

பி.கு: உங்க ஊர்ல 73ல ஓட்டுப் போட்டவங்க, சாவடியில வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா இப்பவே கேட்டு எழுதி வச்சிருங்க. பெரியப்பா போய் ரெண்டு வருஷமாச்சு. அவர்கிட்ட கேக்க மறந்த கேள்விங்க இன்னும் நெறைய இருக்கு எங்கிட்ட.